முகத்திலிருந்து எடுத்த நீலம்

அந்த அச்சகத்தில் அவளுக்குப் பெயர் கலர் அக்கா. மெஷின் ஓட்டுகிறவர்களுக்கும் அக்கா, வாசல் காவலாளிக்கும் அக்கா, அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த முதலாளிக்கும் அக்கா. எல்லாம் அந்தக் கண்ணுக்குக் கொடுத்த மரியாதை. இரண்டு ரோஜா நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊரே ஒன்று என்று சத்தியம் செய்தாலும், இவள் மட்டும் தலையை ஆட்டி, "இதுல ஒரு சொட்டு மஞ்சள் கூட" என்பாள். கருவியை வைத்து அளந்து பார்த்தால் ஒரு சொட்டு கூடத்தான் இருக்கும்.

அவள் வேலை செய்த அறையைப் பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். ஜன்னல் கிடையாது. சுவர் சாம்பல் நிறம், மேஜை சாம்பல் நிறம், அவள் உடுத்துவதும் சாம்பல் நிறம். சிவப்பு உடுத்திக்கொண்டு உட்கார்ந்தால் அந்தச் சிவப்பு திரையில் போய் விழும், கண் ஏமாந்துவிடும். இது தெரியாமல் எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் வழி மறித்து, "ஏம்மா, இந்த வயசுலயே சாமியாரா போயிட்டியா?" என்று கேட்டுவிட்டாள். "ஆமாங்க, மாச சம்பளம் வாங்குற சாமியார்," என்று சொல்லிவிட்டு வந்தாள் கலர் அக்கா.

திரையில் வரும் படத்தை அச்சுக்குத் தயார் செய்து அனுப்புவது அவள் வேலை. மொத்தமே நான்கு மை. மஞ்சள், கறுப்பு, ரோஜாவுக்கு மெஜந்தா, நீலத்துக்குச் சயான். உலகத்தில் இருக்கிற அத்தனை முகமும் இந்த நாலுக்குள் அடங்கியாக வேண்டும். அதில், அவள் வேலையில் சேர்ந்த அன்றைக்கே முதலாளி சொல்லிக்கொடுத்தது இரண்டு விஷயம். ஒன்று, எந்தப் படமானாலும் முதலில் வெள்ளையைப் பார். வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதில் கை வை. இரண்டு, முகத்தில் சயான் ஏறவிடாதே. ஏறினால் அதற்கு அங்கே ஒரு பெயர் இருந்தது: செத்த களை. "அக்கா, மாப்பிள்ளைக்குச் செத்த களை அடிக்குது, கொஞ்சம் எடுத்து விடுங்க," என்று கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். சிரித்துக்கொண்டே எடுத்து விடுவாள். இருபத்து நாலு வருஷமாக எத்தனை ஆயிரம் முகத்திலிருந்து நீலத்தை எடுத்திருப்பாளோ, கணக்கே இல்லை.

அவளும் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். கூடத்துச் சுவரில் தங்கையின் படம் மாட்டியிருந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கன்னம் இரண்டும் பழுத்துப்போய், உதடு சிவந்து, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருப்பாள் தங்கை. அந்தப் படம் எடுத்து இருபத்தாறாவது நாள் காலையில் படுக்கையில் எழுந்திருக்காமலே போய்விட்டாள். இதயத்தில் வால்வு கெட்டிருந்ததாம். ஆறு வருஷம் ஆகிறது.

அம்மா அந்தப் படத்தைத் தினமும் துடைப்பாள். துடைத்துவிட்டுத் தினமும் அதையே சொல்வாள்.

"ரோஜாப்பூ மாதிரி இருந்தாளேடி! ஒரு மாசத்துல எப்படிடி போவா? அந்தப் பாவி என்னவோ பண்ணிட்டான். பட்டினி போட்டானோ, மனசை நோகடிச்சானோ. நல்லா இருந்த பொண்ணு."

அந்தப் பாவி என்பது தங்கையின் கணவர். சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னாலும், அம்மா இந்தப் படத்தைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "என் பொண்ணு இப்படி இருந்தா. என்ன பண்ணினே அவளை?" என்று கேட்டாள். அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஐந்து வயசுப் பெண் குழந்தை அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. பேத்தியையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினொரு வயது.

அந்தப் படத்தில் இருந்த ரோஜாப்பூ யார் வைத்தது என்று கலர் அக்காவுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்தது இதுதான். தங்கை இருந்தது தொலைவில் ஒரு மலையடிவார ஊர். போன் போட்டால் குரல் வருவதே பெரிய காரியம். "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதும்மா," என்று ஒரு நாள் தங்கை சொல்லப்போக, அம்மா உடனே பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள். பெட்டியில் நாலு புடவையை எடுத்து வைத்துவிட்டாள். "நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்," என்றாள். அன்றைக்குத்தான் தங்கையின் கணவர் கலர் அக்காவின் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். படத்தோடு ஒரு வார்த்தை இல்லை. வெள்ளைச் சுவர், நாற்காலி, தங்கை. உதட்டைச் சுற்றி நீலம். நகத்தில் நீலம்.

டியூப் லைட் வெளிச்சம் என்று நினைத்தாள். நினைத்தாள் என்ன, நினைக்க ஆசைப்பட்டாள். கை தானாகப் போய் முகத்திலிருந்து சயானை இறக்கியது, மெஜந்தாவை ஏற்றியது. தங்கை பளிச்சென்று ஆகிவிட்டாள். நல்ல தாளில் ஒரு பிரதி அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தாள். திருத்திய படத்தைத் தங்கையின் கணவருக்கும் அனுப்பி வைத்தாள். அம்மா படத்தைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கா கழுதை, சும்மா பயமுறுத்தறா," என்று சிரித்துவிட்டுப் புடவைகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அடுக்கினாள்.

சாவு வீட்டிலிருந்து திரும்பிய பிறகு, திருத்தாத பழைய படத்தைத் திறந்து பார்த்தாள். அன்றைக்குப் பார்க்காத இடத்தைப் பார்த்தாள். பின்னால் இருந்த வெள்ளைச் சுவர். டியூப் லைட் வெளிச்சமாக இருந்தால் சுவரிலும் அந்த நீலம் விழுந்திருக்க வேண்டும். சுவர் சுத்தமாக, பால் மாதிரி இருந்தது. நீலம் தங்கையிடம் மட்டும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படித்த பாடத்தைத் தன் கூடப்பிறந்தவள் விஷயத்தில் கோட்டை விட்டிருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சுலபமாகக் கேட்டுவிடலாம். நீங்கள் சொல்லியிருப்பீர்களா? பெற்றவள் மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது, "அம்மா, அந்தச் சிவப்பு நான் போட்டது," என்று எந்த வாய் சொல்லும்? நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வருஷம் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல மனிதர் அந்தக் கூடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் இவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

வேலையிலும் நிம்மதி இல்லை. எந்த முகத்தைத் திருத்த உட்கார்ந்தாலும், சயானை இறக்கும்போது ஒரு கணம் அந்த முகம் தங்கையாகிவிட்டு மறுபடி அவரவர் முகமாக மாறும். பேருந்தில் எதிரே இருப்பவர்களின் உதட்டைப் பார்ப்பாள். கண்ணாடியில் தன் உதட்டையே விரலால் தேய்த்துப் பார்ப்பாள். பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று தனக்குத்தானே திட்டிக்கொள்வாள். அப்புறம் மறுபடியும் பார்ப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் பதிப்பாளர் ஒருவர் அந்த ஓவியப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியங்கள். அட்டைக்கு என்று அவர் தேர்ந்தெடுத்திருந்தது, ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். அதிகம் பேர் கேள்விப்படாத ஓவியர்.

"அக்கா, படம் பிரமாதம். ஆனா அந்தம்மா மூஞ்சி ஏதோ நோயாளி மாதிரி இருக்கு. கடையில தூரத்துல இருந்து பாக்கறவன் பயந்துடுவான். கொஞ்சம் செவப்பேத்திக் குடுங்க."

"ஆகட்டும்," என்றாள். இருபத்து நாலு வருஷப் பழக்கம். கையை வைத்தாள், சயானை இறக்கினாள். அரை நிமிஷ வேலை. பெண் பளிச்சென்று ஆகிவிட்டாள். காப்பி வரட்டும் என்று காத்திருக்கிற சீமாட்டி மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

கலர் அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள். அதே நாற்காலி, அதே சாய்வு, அதே கன்னம். வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிற முகம்.

கையை எடுத்துவிட்டாள். புத்தகத்தின் கட்டுரைகள் ஒரு கட்டாக மேஜையில் கிடந்தன. படம் மட்டும்தான் அவள் பொறுப்பு, எழுத்தைப் படிக்கிற வழக்கம் கிடையாது. அன்றைக்குப் படித்தாள்.

மஞ்சள் என்றால் சந்தோஷம், நீலம் என்றால் சோகம் என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதி வைக்கிறார்களே சிலர், அப்படிப்பட்ட கட்டுரை இல்லை அது. அந்தப் புத்திசாலித்தனத்தை நானும் எத்தனையோ இடத்தில் படித்து எரிச்சலடைந்திருக்கிறேன். நீல வானத்தைப் பார்த்து யார் அழுகிறார்கள்? இந்தக் கட்டுரை எழுதியவர் விஷயம் தெரிந்தவர். அந்தக் காலத்து ஓவியர்கள் பலர் நிழலுக்குக் கறுப்பைத் தடவுவதை விட்டவர்கள் என்று எழுதியிருந்தார். வெளியே போய் உட்கார்ந்து பார்த்தார்களாம். நிழல் ஊதாவாகத் தெரிந்தது, பனியின் மேல் நீலமாகத் தெரிந்தது. தெரிந்ததை அப்படியே வைத்தார்கள். ஊர் கைகொட்டிச் சிரித்தது. ஒரு பெண்ணின் மேனியில் விழுந்த பச்சையையும் ஊதாவையும் பார்த்து, அழுகின சதை என்றே ஒரு விமர்சகர் எழுதினாராம். ஒரு நிறம் என்ன மனநிலையைச் சொல்கிறது என்று தனியாகக் கேட்காதீர்கள், அதன் பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

ஜன்னலோரப் பெண்ணைப் பற்றி நாலு வரிதான். "முதலில் தலையணையைப் பாருங்கள். வெள்ளைத் தலையணை, ஆனால் அதில் மஞ்சளும் ரோஜாவும் ஓடுகின்றன. திரைச்சீலையிலும் அப்படியே. காலை வெயில் அறை முழுக்க வந்துவிட்டது. அவள் முகத்துக்கு மட்டும் வரவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவள் இறந்துவிட்டாள். வரைந்தவர் அவளுடைய கணவர்."

அவள் கட்டுரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். ஜன்னல் இல்லாத அறைக்கு அது ஒரு சௌகரியம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதன் தன் பெண்டாட்டியின் முகத்தில் சாவின் நிறத்தைப் பார்த்தான், பார்த்ததை மறைக்காமல் வைத்தான். இவளுக்கு அந்தத் தைரியம் இல்லாமல் போயிற்றே.

திருத்தத்தை அழித்துவிட்டு, முதலாளியிடம் போய் நின்றாள்.

"அந்த அம்மா மூஞ்சியில நான் கை வைக்க மாட்டேன்."

"என்னக்கா, பொம்மைக்குப் போய்ப் பிடிவாதமா? அவர் கேக்கறாரு, நாம செய்யறோம்."

"வேற யாராவது செய்யட்டும். உள்பக்கத்துல அந்தப் படம் வருதே, அது மட்டும் இருக்கிறபடிதான் போகும். அதை யாரும் தொடக்கூடாது. தொட்டா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

முதலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. அட்டையில் சிவந்த கன்னத்தோடு ஒருத்தி, உள்ளே எண்பத்து நாலாம் பக்கத்தில் நீல உதட்டோடு அவளே. யாரும் கேட்கவில்லை. புத்தகம் நன்றாகவே விற்றது.

அந்த வாரமே விடுப்பு எழுதிக் கொடுத்தாள். தங்கையின் பழைய படத்தை, சுவர் பால் மாதிரியும் உதடு நீலமாகவும் இருக்கிற அந்த முதல் படத்தை, அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். அம்மாவிடம் வேலை விஷயமாகப் போவதாகச் சொன்னாள். முதலில் அந்த மனிதரின் காலில் விழ வேண்டும், அப்புறம்தான் மற்றது என்று இருந்தது அவளுக்கு.

அவர் கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் யாரென்றே தெரியாதவர் மாதிரி நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. "வாங்க அண்ணி," என்றார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அவள் தண்ணீரைத் தொடவில்லை. படத்தை எடுத்து மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"உங்க மேல பழி விழுந்ததுக்கு நான்தான் காரணம். அவ மூஞ்சியை மாத்தினது நான். என்னைத் திட்டுங்க, என்ன வேணா சொல்லுங்க."

அவர் திட்டவில்லை. படத்தை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இந்தப் படம் எங்கிட்ட இல்ல. நீங்க அனுப்பினது நல்லா இருக்குன்னு இதை அழிச்சிட்டேன்," என்றார். படத்தை மறுபடி மேஜையில் வைத்தார். "நான் ஏன் உங்களுக்கு அனுப்பினேன் தெரியுமா அண்ணி?"

"அம்மா கேட்டாங்கன்னு."

"இல்ல. அவ உதடு ஒரு மாதிரி இருக்குன்னு எனக்கு ரெண்டு நாளா சந்தேகம். அவ கேக்கல, சும்மா இருங்கன்னு சிரிச்சா. டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டிகூட சொல்லி வச்சிருந்தேன். நமக்கென்ன நெறம் தெரியும், நிறத்துல உங்களை மிஞ்ச ஆள் இல்ல, உங்க கண்ணுல படட்டும்னு அனுப்பினேன். நீங்க இதைத் திருப்பி அனுப்பினீங்க. பாத்தேன், நல்லா இருந்தா. சரி, என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சேன். வண்டி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ஒரு பாவத்தைச் சொல்ல வந்தவள் அதைவிடப் பெரிய பாவத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி வாசலுக்கு வந்திருக்க வேண்டியது. தங்கை ஏறிப் போயிருக்க வேண்டியது. நிறுத்தியது இவளுடைய கை.

அவர் அழுதுகொண்டிருந்தார். "ஆறு வருஷமா, நான்தான் சரியா பாக்காம அவளை விட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். அத்தை கேட்டப்ப அதனாலதான் வாயைத் திறக்கல. நான் பாத்திருக்கேன், அண்ணி. சரியாத்தான் பாத்திருக்கேன்."

"மன்னிச்சிடுங்க" என்று சொல்ல வந்தாள். அந்தச் சொல் அதற்குப் போதாது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள். அவரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த கையோடு அம்மாவிடம் சொன்னாள். ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். புடவைப் பெட்டி, டியூப் லைட், வெள்ளைச் சுவர், வண்டி. அம்மா நீலப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"இதைக் காட்டியிருந்தா நான் பொறப்பட்டுப் போயிருப்பேன்டி," என்றாள். "பெட்டி கட்டி வச்சிருந்தேனே."

அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள் அம்மா. மறுநாள் எதிர்வீட்டு அம்மாளின் போனிலிருந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அழுதாள். சுவரிலிருந்த ரோஜாக் கன்னத்துப் படத்தை இறக்கி அலமாரிக்குப் பின்னால் போட்டாள். நீலப் படத்தையும் மாட்டவில்லை. சோறு போட்டு வைப்பாள், மூடி வைப்பாள், பேச மாட்டாள். இத்தனை வருஷம் மாப்பிள்ளைக்குக் கிடைத்த தண்டனை அப்படியே இடம் மாறி இவளுக்கு வந்தது. இவள் முணுமுணுக்கவில்லை. ஏழு வாரம் அந்த வீட்டில் இவள் குரலுக்குப் பதில் கிடையாது.

எட்டாவது வாரம் மாப்பிள்ளையும் பேத்தியும் வந்தார்கள். அம்மா வாசலிலேயே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, "எவ்வளவு உசரமாயிட்டே என் கண்ணு!" என்று அரற்றினாள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கலர் அக்கா சமையலறை வாசலில் நின்றாள். கிட்டே போக இவளுக்கு என்ன உரிமை?

அந்தப் பெண்ணே வந்தாள். "பெரியம்மா, உங்களைப் பத்தி அப்பா சொல்லியிருக்காரு. கண்ணை வச்சே கலர்ல என்ன கலந்திருக்குன்னு சொல்லிடுவீங்களாமே!" என்று சிரித்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி வந்ததில் வாங்கிய மூச்சோடு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். தங்கையின் மூக்கு. தங்கையின் நெற்றி. உதட்டோரத்தில் மெலிதாக ஒரு நீலம்.

கலர் அக்கா ஜன்னல் பக்கம் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மாடியில் நீலத் தார்ப்பாய் ஒன்று விரித்திருந்தார்கள். வெயில் அதில் பட்டு உள்ளே வந்தது. சுவரைப் பார்த்தாள்; சுவரிலும் நீலம் இருந்தது. முகத்தில் இருப்பது அதே அளவா? ஒரு சொட்டு கூடவா? பெண்ணை ஜன்னலிலிருந்து கூடத்து நடுவுக்கு நகர்த்தினாள். மறுபடி வாசலுக்கு அழைத்துப் போனாள். தாடையைப் பிடித்துத் திருப்பினாள். இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஆறு வருஷமாக எல்லா முகத்திலும் அதையே பார்த்துப் பார்த்து, இப்போது தன் கண்ணையே நம்ப முடியவில்லை அவளுக்கு.

"ஏன் பெரியம்மா இப்படிப் பாக்கறீங்க?" என்றாள் பெண்.

அம்மா எழுந்து வந்தாள். ஏழு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி தெரியுது? உள்ளதைச் சொல்லு."

வெளிச்சம்தான்மா, தார்ப்பாய் நீலம் அடிக்குது என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அம்மா ஒருவேளை பேசவும் ஆரம்பிப்பாள்.

"தெரியலம்மா," என்றாள் கலர் அக்கா. "எனக்குத் தெரியல. டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

மாப்பிள்ளை அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.